ஸ்டார் இல்லாத வூடு

சேலையூரில் ரோஸி வீட்டுச் சுக்குக் காபியைக் குடிக்காமல், வீடு வீடாகப் பாடிவரும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டாவது அன்றைக்கு அடுப்பருகே நின்றுவிடுவாள்.

போன வருஷம் அக்டோபரில் அவள் புருஷன் ஜீவானந்தம் மாரடைப்பில் போய்விட்டான். துக்க வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் விளக்குக் கட்டுவது வழக்கமில்லை, ரோஸியும் கட்டவில்லை. ஆனாலும் கேரல்காரர்கள் வாசலில் நின்று ஒரு ஜெபமாவது பண்ணுவார்கள் என்று சுக்கைத் தட்டிப் போட்டுக் காபி வைத்திருந்தாள். தெருவில் கிட்டார் சத்தம் கேட்டது.

"இது ஸ்டார் இல்லாத வூடுப்பா. அடுத்த வூட்டுக்குப் போங்க" என்றது கேரல் கூட்டத்தில் ஒரு குரல்.

பக்கத்து வீட்டு வாசலில் நின்று, இருட்டில் கிடந்தவர்களுக்கு வெளிச்சம் வந்த கதையை உருகி உருகிப் பாடினார்கள். ரோஸி காபியைச் சிங்க்கில் கொட்டினாள்.

இந்த வருஷம் தெருவிலேயே பெரிய ஸ்டார் அவள் வீட்டில்தான் தொங்கியது. கேரல்காரர்கள் நேராக வந்து நின்றார்கள்.

"ரோஸிக்கா, ஸ்டார் சூப்பரா கீதுக்கா!"

"அதைப் பார்த்துத்தானே வந்தீங்க?"

ரோஸி கதவோரச் சுவிட்சை அணைத்தாள். வாசல் இருண்டது.

"இப்ப இது ஸ்டார் இல்லாத வூடு. அடுத்த வூட்டுக்குப் போங்க."