ஒன்றரை வோல்ட்

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த மிஷின் வந்தாலும், அதில் 'ஆட்டோ' என்று இருக்கும் எதையும் அப்படியே விட எனக்கு மனசு வராது. தானாகவே எல்லாம் நடக்குமென்றால் பிறகு நான் எதற்கு என்று தோன்றும். இந்தத் திமிருக்கு ஒருநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு அக்கா முஸ்லிம் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறார். பெண்கள் பக்கம் மட்டும். அந்தப் பக்கம் ஆண் கேமராக்காரர்கள் போவதில்லை. எடுப்பது, வெட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது எல்லாம் இவர் ஒருவர்தான். துபாயில் இருக்கும் அவருடைய தம்பி, ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட சர்வர் மதர்போர்டு ஒன்றையும் எட்டு மெமரி ராம்களையும் ஊருக்கு வந்தவர்களின் லக்கேஜில் கொடுத்தனுப்பியிருந்தார். பழசுதான், ஆனாலும் நல்ல பலமான சாமான். அதைப் பூட்டிக் கொடுத்தது நான்.

போர்டு தானாகவே ராமின் வேகத்தை 1333 என்றும் மின்னழுத்தத்தை ஒன்றரை வோல்ட் என்றும் வைத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வேகத்தை 1600-க்கு ஏற்றினேன். அறை சின்னது, ஏசி கிடையாது, சூடு குறையட்டும் என்று மின்னழுத்தத்தை 1.35-க்கு இறக்கினேன். ராமின் ஸ்டிக்கரில் 1.35-லும் ஓடும் என்று போட்டிருந்தது, 1333 வேகத்துக்கு மட்டும். அந்த 'மட்டும்' கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது. ஒரு நாள் முழுக்க ராமைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை. "உங்க தம்பி குடுத்தத விட வேகமாக்கிட்டேன்க்கா" என்று பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.

சித்திரை வெயிலில் கல்யாணங்கள் வரிசைகட்டின. மிஷின் பாதி வேலையில் நிற்க ஆரம்பித்தது. வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்க மிஷின் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும், இரண்டு மணி நேரத்தில் அப்படியே உறைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. முதல் தடவை கரண்டைக் குறை சொன்னேன். இரண்டாம் தடவை சாஃப்ட்வேரைச் சொன்னேன். புதன்கிழமை மறுபடி போன் வந்தபோது அரியலூரில் வேறு வேலையில் இருந்தேன். எரிச்சலில், "நீங்க நடுவுல எதையாச்சும் அமுக்குறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நாளைக்கு ராத்திரி மாப்பிள்ளைக்கு பிளைட்டு. நாலு மணிக்கு கார் கெளம்புது. அதுக்குள்ள நான் குடுத்தாவணும்."

அது என்ன அவசரம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளைக்கு சவூதியில் வேலை. ஒரு மாத லீவில் வந்து நிக்காஹ் முடித்திருக்கிறார். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவார். பெண்கள் பக்கத்து வீடியோவை எந்தக் காரணத்துக்கும் நெட்டில் ஏற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அக்கா எடுக்கிறார். கையில் கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் கல்யாணத்தன்று தன் மனைவி எப்படி உட்கார்ந்திருந்தாள், யார் சொன்ன கிண்டலுக்குச் சிரித்தாள் என்று பார்க்க அவர் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டேன். அக்கா வீடியோவை ஓடவிட வேண்டும் என்றார். திரையில் படம் தெரியும். அதனால் என்னை முன்கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இதற்கு முன்பு நான் வந்தபோதெல்லாம் நான்தான் மிஷினுக்கு முன்னால் இருந்தேன், அவர் வெளியே இருந்தார். அன்றுதான் முதல் தடவையாகச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மிஷினின் காற்றாடிகள் இரைகிற சத்தம் கேட்டது. நான் இருக்கும்போது ஒருநாளும் அவை இப்படி இரைந்ததில்லை.

கதவைத் தட்டினேன். "அக்கா, எப்பவும் கதவச் சாத்திட்டுத்தான் ஓட்டுவீங்களா?"

"பின்ன? பொண்ணுங்க படம் ஓடையில தொறந்து போட்டுட்டா ஒக்காந்திருப்பாங்க? சன்னலயும் சாத்திருவேன்."

நான் சோதித்ததெல்லாம் திறந்த கதவோடு, கூடத்து ஃபேன் காற்றில். அவர் வேலை செய்வதோ அடைத்த அறையில். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய், கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ராம் சோதனையைப் போட்டேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்த அறையில்தான் அவர் தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம் போல ஆனதும் திரையில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு சரசரவென்று. சர்வர் ராம் சின்னப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாததாக வந்தால் மிஷினை நிறுத்திவிடும். நான் ஓட்ட ஆசைப்பட்ட வேகத்துக்குக் கொடுத்த மின்னழுத்தம் போதவில்லை. சூடு ஏறியதும் அது வெளியே வந்துவிட்டது.

வேகம், மின்னழுத்தம் இரண்டையும் ஆட்டோவுக்கே திருப்பினேன். 1333, ஒன்றரை வோல்ட். மறுபடி ஒன்றரை மணி நேரம் அதே அடைத்த அறையில் சோதித்தேன். ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. அப்போது மணி பதினொன்று ஆகியிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, தப்பு உங்க மேல இல்ல, கரண்டு மேலயும் இல்ல. நான்தான் மாத்தி வச்சிருந்தேன். நேத்து போன்ல பேசுனதுக்கு மன்னிச்சிருங்க."

"அத அப்பறம் பேசிக்கலாம், நீங்க வெளிய வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. இரண்டு மணி ஆனது. எப்போதும் நின்றுபோகும் நேரம் தாண்டியது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆறிப்போனது. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. கார் கிளம்புகிறது, இனி நிற்க முடியாது, பெரம்பலூர் நாலு ரோட்டில் வேண்டுமானால் கொஞ்சம் நிற்கிறோம் என்றார்கள். நாலே காலுக்குக் கதவு திறந்தது. பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு, "வழியில எங்கயும் சொருகிப் பாத்துராதீங்க தம்பி" என்றார். வழக்கத்தைவிடப் பதினைந்து நிமிஷம்தான் கூட ஆகியிருந்தது. என் சாமர்த்தியத்தால் இத்தனை நாள் மிச்சமானது அந்தப் பதினைந்து நிமிஷம்தான்.

பைக்கை விரட்டிக்கொண்டு நாலு ரோட்டுக்கு வந்தபோது கார் ஓரமாக நின்றிருந்தது. மாப்பிள்ளை இறங்கி வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பென்டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்காண்ணே?"

"நான் பாக்கலங்க. நாங்க பாக்கக் கூடாதுல்ல."

"நானுந்தாண்ணே பாக்கல. அன்னைக்கி நான் பள்ளிவாசல்ல ஆம்பளைங்களோட ஒக்காந்திருந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "லேட்டானதுக்கு நான்தாங்க காரணம். அந்தக்கா மேல வருத்தப்படாதீங்க. மிஷின்ல நான் செஞ்ச கோளாறு" என்றேன்.

"அதனால என்னாண்ணே. ரெண்டு வருசம் இருக்கு பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் இருந்த பையில் பென்டிரைவை வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.