உதவி எண்ணை எடுத்த பெண்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அன்று காலை பில் போடும் மென்பொருள் திடீரென்று நின்றுவிட்டது. எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட அதற்குத்தான் தெரியும். எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று.

தோளில் குழந்தையோடு ஒருவர் நின்றார்.

“அண்ணாச்சி, சீக்கிரம் குடுங்க. பிள்ளைக்கு மேலு கொதிக்குது.”

மென்பொருள் விற்ற கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்ததுமே கத்தினேன்.

“ஏமாத்திட்டு ஓடவா பாக்கீய? ஆள அனுப்புதீயளா, நானே அங்கன வரட்டா?”

முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பெண்குரல் பைய பேசியது.

“அண்ணாச்சி, நான் ஆழ்வார்திருநகரியில சோறு பொங்கிக்கிட்டு இருக்கேன். போன மாசம் புது சிம் வாங்குனேன், இந்த நம்பர்தான் கிடைச்சுது. கம்பெனிக்காரவிய இத விட்டுட்டுப் போயிட்டாவ போல. தெனமும் யாராவது கூப்பிட்டுத் திட்டுதாவ.”

அவரே தொடர்ந்தார்.

“நெட் வயரக் கழட்டிட்டு கம்ப்யூட்டரப் போட்டுப் பாருங்க. நேத்து திட்டுன தென்காசி அண்ணாச்சிக்கு அப்படித்தான் ஓடிச்சாம். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாவ.”

கழற்றினேன். ஓடியது. குழந்தைக்கு மருந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் வயரைக் கழற்றியும் திரை அசையவில்லை. வேறு யாரை அழைப்பது? தெரிந்தேதான் அதே எண்ணை அழுத்தினேன்.

“கழட்டியும் வரலியா அண்ணாச்சி? எனக்கும் ஒண்ணும் தெரியாதே” என்றார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. “சரி, சொல்லுங்க. கேக்கேன்.”

கம்பெனி இருந்த காலத்திலும் அந்த எண்ணில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.