தென்மேற்கு மூலையில் ஒரு நீச்சல்குளம்

என் பேத்திக்கு இரண்டு தாத்தாக்கள். ஒருவர் நீச்சல் தாத்தா, இன்னொருவர் தூரத் தாத்தா. நீச்சல் தாத்தா என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. சென்னையில், என் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, நீச்சல்குளம் உள்ள ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தூரத் தாத்தா நான். நான்கு வயதில் அவள் வைத்த பெயர். எட்டு வயதாகியும் மாற்றவில்லை. நெய்வேலி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சென்னையில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து இறங்கிவிடலாம்.

எனக்கு இருந்தது பொறாமை. வேறு கௌரவமான வார்த்தை ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளை எங்கள் க்வார்ட்டர்ஸுக்கு வருவாள். முதல் நாள் மாமரத்தடியில் விளையாடுவாள். இரண்டாம் நாள் டி.வி. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள், நீச்சல் தாத்தாவிடம் எப்போது போவோம் என்று. என் மகள் என் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்துப் பையில் வைப்பாள்.

சம்பந்தி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் அரசாங்கத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி, மதகு, கால்வாய் என்று தண்ணீரோடேயே உத்தியோகம் பார்த்தவர். நான் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எனக்கும் தண்ணீரோடுதான் உத்தியோகம், ஆனால் அவர் தண்ணீரைத் தேக்கியவர், நான் தண்ணீரை வெளியே தள்ளியவன். அந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்பார். சண்டைக்கு இழுத்தாலும் வராத மனிதர்மீது வயிறு எரிவதைப்போலக் கொடுமை வேறு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருஷம் தண்ணீரோடு கிடந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்று வெளியே சொல்ல வெட்கம். மனைவிக்கு மட்டும் தெரியும்.

நான் ஓய்வு பெற்றதும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வடலூர், மந்தாரக்குப்பம் என்று வீடு பார்த்து அலைந்தோம். கடைசியில் குள்ளஞ்சாவடி போகும் சாலையில், ஏரிக்குப் பின்னால் இருந்த ஒரு குடியிருப்பு நகரில் இந்த வீட்டைக் காட்டினார்கள். மண் அள்ளும் காண்ட்ராக்டர் ஒருவர் தன் நல்ல காலத்தில் கட்டியது. பின்பக்கம் ஒரு நீச்சல்குளம். அவர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமாகியும் வீடு விலை போகாமல் கிடந்தது. காரணம் அந்தக் குளம்தான். தென்மேற்கு மூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நான் திரும்பிப் போகவில்லை. பச்சைப் பாசி மூடி, வேப்பிலை மிதந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தலைகீழாக நின்ற அந்தத் தண்ணீருக்குள் என் பேத்தி நீந்துவது எனக்குத் தெரிந்தது. ஒரு தவளை குதித்தது.

"வூடு பாக்கலாம்னு கூட்டிகினு வந்தா, இவரு தவளயப் பாத்துகினு நிக்கிறாரு" என்றாள் என் மனைவி தரகரிடம். அவள் குள்ளஞ்சாவடிப் பக்கத்துப் பெண். க்வார்ட்டர்ஸில் அத்தனை வருஷம் இருந்தும், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "தலைவனுக்கு ஆவாதாம். கேட்டுகினியா?"

"சமையல் ரூம் பெருசா இருக்கு பாரு" என்றேன்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். மகளிடம் குளத்தைப் பற்றிச் சொன்னதும் போனைப் பிள்ளை பிடுங்கிக்கொண்டாள். எவ்வளவு ஆழம், டைவ் அடிக்கலாமா, நீல டைல்ஸா என்று கேள்விமேல் கேள்வி. பிறகு மகள் சொன்னாள்: "குளம் ரெடியாச்சுன்னா அரையாண்டு லீவு முழுக்க உங்ககூடத்தான்பா. அவளே சொல்றா." முழு லீவு! மூன்றாம் நாள் பையைக் கட்டாத ஒரு லீவு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகுகிற மாடிக்குத் தள ஓடு போட்டு நிமிர்வதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. குளத்தைத் தொட்டது அதற்குப் பிறகுதான். பாசியை மூங்கிலில் சாக்குக் கட்டி வழித்தேன். நாற்காலியை எடுத்தேன், ஒற்றைச் செருப்பு ஒன்றை எடுத்தேன், யாரோ பூசையில் வைத்த தேங்காய் ஒன்றும் கிடைத்தது. பக்கச் சுவரைத் தேய்த்தபோது உள்ளேயிருந்து நீல டைல்ஸ் தெரிந்தது. அன்று சாயங்காலம் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அடியில் முழங்கால் அளவு சேறு. தண்ணீரை முழுக்க இறைக்காமல் அதை அள்ள முடியாது. சம்பந்தியிடம் போனில் பெருமைக்காகச் சொல்லப்போனேன்.

"மழை விடட்டும் சம்பந்தி" என்றார். "ஏரி ரொம்பியிருக்குன்னு சொல்றீங்களே. அடியில ஊத்து தள்ளும். தை மாசம் காலி பண்ணிக்கலாம்."

தை மாதத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். லீவு அவருக்கே போய்விடும். அவர் அதற்காகத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"தண்ணி எறைக்கிறதப் பத்தி எங்கிட்டயா சம்பந்தி?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "ஆமாமா, உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

சுரங்கத்தில் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து கை மாற்றும்போது குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. அடுத்த ஷிப்ட்காரனுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். 'அவன் தண்ணி வுட்டுட்டுப் போறவன்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவனுக்குப் பெண் கொடுக்காதே என்கிற அளவுக்கு அர்த்தம். நான் ஒருநாள்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. குளத்தை இறைக்க ஒரு விவசாயியிடம் ஆயில் என்ஜினை வாடகைக்கு எடுத்து, மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் ஓட்ட ஆரம்பித்தேன். இரண்டு ஆட்கள் சேற்றை அள்ளினார்கள். சாயங்காலத்துக்குள் குளம் காய்ந்த தட்டாக இருந்தது. கடைசி ஈரத்தைத் துணியால் நானே ஒற்றி எடுத்தேன்.

அப்படியே நீல டைல்ஸ்மேல் நின்று சம்பந்திக்கு வீடியோ கால் போட்டேன்.

"பாருங்க. ஒரு சொட்டு இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி. இன்னிக்கே தண்ணிய ரொப்பிடுங்க. வெறுமன விடாதீங்க."

பின்னால் பேத்தியின் குரல் கேட்டது, "நான் பாக்கறேன், நான் பாக்கறேன்" என்று. அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் செய்துவிட்டேன். தண்ணீரும் விடவில்லை. அவர் சொன்னதாலேயே விடவில்லை.

அன்றைக்கு இருட்டியதும் பிடித்த மழை விடியும்வரை பெய்தது. காலையில் மனைவிதான் முதலில் பார்த்தாள். கூப்பிடவில்லை. உள்ளே வந்து, காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "குடிச்சிட்டுப் போய்ப் பாரு" என்றாள். குடிக்காமல் போனேன்.

குளத்தின் தரை நடுவில் பூரிபோல உப்பியிருந்தது. டைல்ஸ் பெயர்ந்து விரிசல் ஓடியிருந்தது. விரிசலிலிருந்து தெளிந்த தண்ணீர் மெதுவாக ஊறி வந்துகொண்டிருந்தது.

எனக்கு இது தெரியாததில்லை. சுரங்கம் பார்க்க வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்திக்கொண்டே இருக்கும், சுற்றிலும் போர்வெல் போட்டு அதை இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும் என்று. குளத்தில் நின்ற பச்சைத் தண்ணீரின் பாரம்தான் இத்தனை வருஷமாகத் தரையை அமுக்கிப் பிடித்திருந்தது. முப்பது வருஷம் கீழே இருக்கும் தண்ணீரை எடுத்தவன், மேலே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு நின்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கம்மாபுரத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். குளத்தைச் சுற்றி வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மைன்ஸ்ல இத்தினி வருசம் இருந்துட்டு இப்பிடிப் பண்ணிட்டீங்களேங்க" என்றார்.

சம்பந்திக்குச் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. குளத்துக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி தோண்டி, அதில் சின்ன மோட்டார் வைத்து ஊற்றை இறைத்துக்கொண்டே இருந்தேன். உப்பிய தரையை உடைத்து எடுத்துக் கம்பி கட்டி, கொத்தனாரும் நானும் புதிதாகக் கான்கிரீட் போட்டோம். டைல்ஸ் ஒட்ட நேரமில்லை. புதுக் கான்கிரீட் இறுகுவதற்காகத் தண்ணீர் கட்டினோம். என் முழங்காலுக்குமேல் ஒரு சாண் உயரம். அதற்குமேல் பழைய சுவர் தாங்குமா என்று கொத்தனாருக்குச் சந்தேகம். அரையாண்டுப் பரீட்சை முடிய நான்கு நாள்தான் இருந்தது.

மகளுக்கு நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி போனை எடுத்துத் தானே பேசினாள். "இத பாரு, குளம் இல்ல. முட்டிக்கால் தண்ணிதான் இருக்குது. குளத்த உங்கப்பா ஒடச்சிட்டாரு. உங்கப்பா மட்டும்தான் இருக்காரு. வர்றதுன்னா வாங்க."

பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மகள் வைத்துவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் சம்பந்தியே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கியதும் பின்பக்கம் போய் எல்லாவற்றையும் பார்த்தார். நிறம் மாறிய புதுத் தரை, ஓரத்துக் குழி, ஓடிக்கொண்டிருந்த மோட்டார். நடந்தது அத்தனையும் அவருக்கு விளங்கியிருக்கும். நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொன்னால் கத்துவதற்குத் தயாராக நின்றேன்.

"குழி போட்டது நல்ல யோசன சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பாராட்டும் எனக்கு எரிந்தது.

பிள்ளை நீச்சல் உடையோடு ஓடி வந்து கரையில் நின்றாள். பார்த்தாள். "இதுல நீந்த முடியாது" என்றாள். நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள்வரைகூடத் தங்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் படியில் இறங்கி நடுவில் போய் நின்றாள். அவளுக்கு இடுப்புக்குமேல் வந்தது.

"நீங்களும் வாங்க தாத்தா."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா." சம்பந்தியின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவள் கண் விரிந்தது. "பெரியவங்களுக்குக்கூடத் தெரியாதா?" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். நீச்சல் தாத்தாவின் அடுக்குமாடியில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இங்கே ஒரு ஆள் ஒன்றும் தெரியாமல் கிடைத்திருக்கிறான். "அப்ப நான் சொல்லித் தரேன். முட்டிக்கால் தண்ணிதான் கரெக்ட். ஆழத்துல பயந்துடுவீங்க."

வேட்டியை மாற்றி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். மனைவி ஜன்னலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீரில் குப்புறப் படுக்கச் சொன்னாள் பிள்ளை. படுத்தேன். என் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "காலை உதைங்க. தண்ணிய அடிக்காதீங்க, உதைங்க. மூச்சு விடுங்க."

சம்பந்திக்கு ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தார். "இடுப்பப் பிடிச்சுக்கவா கண்ணு? சீக்கிரம் வந்துடும் அவருக்கு."

"நீங்க வேணாம் தாத்தா" என்றாள் பிள்ளை, திரும்பிக்கூடப் பார்க்காமல். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவர் காலை எடுத்துக் கரையில் வைத்தார். தண்ணீர் மட்டத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான்கு வருஷமாக நான் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பு. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மறுநாள் காலையில் அவர் கிளம்பிப் போனார். பிள்ளை என்னோடு வாசல்வரை வந்து கையசைத்தாள், பையைக் கட்டவில்லை.

மூன்றாம் நாளே எனக்குக் காலை உதைக்க வந்துவிட்டது. லீவு முடியும்வரை, இன்னும் வரவில்லை என்றே பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.