தண்ணீர்ச் சீட்டில் இறந்தவர் பெயர்

உள்ளாட்சித் தணிக்கையில் வேலை செய்பவள் நான். ஊராட்சி செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சான்று கேட்கச் சட்டம் சொல்கிறது. சான்று இல்லையென்றால் தணிக்கைத் தடை எழுதுவோம். தடை விழுந்த பணத்தை, செலவுக்குப் பொறுப்பானவரிடமிருந்தே பிடிக்கலாம். அதனால் என்னைப் பார்த்தாலே ஊராட்சிச் செயலர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே ஓர் ஊராட்சிக்கு அப்படித்தான் போனேன். பதிவேட்டை எடுத்தால் முதலில் அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. தெருத் தெருவாக டேங்கர் லாரியில்தான் தண்ணீர். லாரி வந்து போனதற்குச் சான்று ஒரு சீட்டு. தெருவுக்கு ஒரு பெண்ணின் பெயர் அதில் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரிக்காரருக்குப் பணம்.

தணிக்கைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. டீ என்றால் வெளியே கடையில், என் காசில். அன்றும் அப்படிக் கடை வாசலில் நின்றபோதுதான் எதிர்ச் சுவரில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி சுவரொட்டியைப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட ஒரு பெரியம்மா. பெயரையும் தெருவையும் படித்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கடைசித் தெருவின் சீட்டுக் கட்டில் காலையிலிருந்து நான் பார்த்த அதே பெயர். செத்துப்போனவர் வருஷம் முழுக்கத் தண்ணீர் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு வந்தது சந்தோஷம்தான். மாட்டினார் செயலர் என்று நினைத்தேன்.

ஓய்வு பெற மூன்று வருடமே இருந்த மனிதர் அவர். சீட்டைக் காட்டியதும் மறுக்கவில்லை. அந்த அம்மாவின் மருமகள்தான் போடுகிறாள், வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள் என்றார்.

போனேன். லாரியே அப்போது தெருவில் நின்றுகொண்டிருந்தது. மருமகளுக்கு ஐம்பது வயது இருக்கும், மீன் விற்பவர். இடுப்பில் குடத்தோடு நின்றபடியே பதில் சொன்னார்.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன். அத்த பேர்லதான் தண்ணி வந்துகினு கீது. அவங்க பூட்டாங்கன்னு சொன்னா, பேர அடிக்கசொல்லோ தெருவையும் சேத்து அடிச்சுருவாங்களோன்னு பயம்."

லாரி கேட்டு மூன்று வருடம் மனு கொடுத்த தெரு அது. வந்த தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று, யாரும் அந்தப் பெயரைத் தொடவில்லை. வெயிலில் வந்திருக்கிறாயே என்று ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். நானும் தண்டையார்பேட்டையில் லாரிக்குக் குடம் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவள்தானே. மேலதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். "இன்னிக்கு வந்த லாரிய நீங்க பாத்தீங்க. போன வருஷம் வந்தத யார் பாத்தா?" என்றார். லாரியே வராத ஊரில் செத்தவர்கள் பெயரில் போட்ட கையெழுத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 'இறந்தவர் பெயரில் பெறப்பட்ட ஒப்பங்களைச் சான்றாக ஏற்க இயலாது. தொகை முழுவதும் தடை செய்யப்படுகிறது' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை வேறு படித்துப் பார்த்தேன், பாவி.

கிளம்பும்போது செயலரிடம் வாயால் சொன்னேன்: சீட்டை மருமகள் பெயருக்கு மாற்றுங்கள், தெருக்காரர்களிடம் எழுதி வாங்கிப் பதில் அனுப்புங்கள், தடையை நீக்கப் பரிந்துரைக்கிறேன். தலையாட்டினார். பதில் வரவில்லை. அடுத்த ஊராட்சி, அடுத்த கட்டு என்று நானும் மறந்துபோனேன்.

மறுவருடம் அதே அலுவலகம், அதே சாம்பல். சீட்டுகளெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. கடைசித் தெருவின் சீட்டுக் கட்டை மட்டும் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"அந்தத் தெருவுக்கு லாரிய நிறுத்திட்டேன் மேடம்" என்றார் செயலர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. இருக்கிற தடைக்கே என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லையாம். இனி யார் பெயரில் யார் போடுகிறார்கள் என்று எங்கே போய்க் காவல் காப்பது, ஓய்வு பெறும் நேரத்தில் வருகிற பணத்தில் கை வைத்தால் குடும்பம் என்ன ஆவது என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெயரை மாற்றத்தானே சொன்னேன், தண்ணீரையா நிறுத்தச் சொன்னேன் என்று கத்தினேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததுல அதெல்லாம் இல்லியே மேடம்."

இல்லைதான்.

அந்தத் தெருவுக்குப் போனேன். மருமகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், ஒரு முழங்கால் வீங்கியிருந்தது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் பெரிய சாலையைத் தாண்டிப் போய், குடிநீர்க் குழாய் கசிகிற இடத்தில் குடத்தை வைத்துப் பிடித்து வருகிறார்களாம் தெருப் பெண்கள். போன வருஷம் விசாரிக்க வந்தவள் என்ற அளவில் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"எம் பேர்லயே கையெயுத்து போடறேன்னு ஆபீஸாண்ட எத்தினியோ வாட்டி போய் சொன்னேம்மா. ஆடிட்டு ஒத்துக்காதுன்னுட்டாங்க. நீ சொன்னா ஒத்துக்குமா?"

அந்த ஆடிட்டு நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? செய்த செலவைத் தப்பு என்று சொல்லத்தான் சட்டம் எனக்கு அதிகாரம் தந்திருக்கிறது. நிறுத்திய லாரியை விடு என்று உத்தரவு போட அதில் ஒரு வரியும் கிடையாது. சொல்லிப் பார்க்கிறேன் என்று முனகினேன்.

காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். பாதி தண்ணீர் இருந்தது. இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். குடித்தேன்.

திரும்பிப் போய் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். லாரியை விடுங்கள் என்று செயலரிடம் மறுபடி சொன்னேன், மறுபடி தலையாட்டினார். போன லாரிக்கெல்லாம் சீட்டு இருந்தது, கையெழுத்து இருந்தது. போகாத லாரிக்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. குடிநீர் என்ற தலைப்புக்கு நேரே 'குறைபாடு ஏதுமில்லை' என்று எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.