எங்கள் வாசலில் சேரும் அலைகள்

ஏரியில் மனை போட்டால் மழைக்காலத்தில் தெருவே ஏரியாகும். இதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம்; தெரிந்தேதான் வாங்கினோம். சேரப்பணஞ்சேரிப் பக்கம், கம்பெனி பஸ்கள் போகும் தெருவில் எங்கள் வீடு. மழை பிடித்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிடுவோம்.

உள்ளே என் மாமியார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒருமுறை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தவர், அதன்பின் கட்டில் என்றாலே அலறுகிறார். தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை. அந்தத் தரை நனையக் கூடாது. நான் வேண்டுவதெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு பஸ் மட்டும் போனால் அலை மூட்டை வரை வந்து திரும்பிவிடும். எதிரெதிரே இரண்டு வந்தால்தான் வினை. இரண்டு அலையும் எங்கள் வாசலுக்கு நேரே ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூட்டையைத் தாண்டும். பக்கத்து வீட்டு வாசலிலோ ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து தண்ணீர் அசையாமல் கிடக்கும். கொடுத்து வைத்தவர்கள்.

மாமியாரோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமென்றுதான் நானும் கணவரும் வேறு வேறு ஷிப்ட் கேட்டு வாங்கினோம். மதியம் அவர் திரும்பும் பஸ்ஸும் நான் தெருமுனையில் ஏறிய பஸ்ஸும் கடப்பது சொல்லிவைத்தாற்போல எங்கள் வாசலில். ஒருநாள் என் பஸ் ஓட்டுநரிடம் கெஞ்சினேன்.

"அண்ணா, அந்த வண்டி தாண்டற வரிக்கும் முனைல நில்லுண்ணா. ரெண்டும் சேந்தா வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுது."

நின்றார். அலை தனியாக வந்து தனியாகத் திரும்பியது. அன்று கம்பெனியில், பொருள்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் லைனில், என் கை வேலையில் பறந்தது. மறுநாள் ஓட்டுநர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"லேட்டுன்னு கிழிச்சுட்டாங்கம்மா. நான் இன்னா பண்ண?"

என்ன பண்ணுவார், பாவம். லைன் எங்கள் பாய்க்காக நிற்குமா? மூட்டையை இன்னும் உயர்த்திப் பார்த்தோம். அடியில் ஊறி உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. மறுபடி இறக்கினோம். இனி செய்ய ஒன்றுமில்லை.

இப்போதும் கடக்கிறோம். எதிர் பஸ் ஜன்னலில் கணவர் கை காட்டுவார். நான் வாசலைத்தான் பார்ப்பேன். அவர் கொண்டுவந்த அலையும் நான் கொண்டுபோகும் அலையும் சேர்ந்து உள்ளே போகும். முனையில் இறங்கி அவர் வந்து சேர்வதற்குள் பாய் நனைந்திருக்கும்.

நேற்று என் பஸ் வீட்டைத் தாண்டி மறுமுனை திரும்பியதும் போன் அடித்தது. மாமியார். குழறலாகச் சொன்னார்:

"வாசல்ல சளக்குன்னு கேட்டுச்சும்மா. புள்ள வந்துட்டான்னு நெனச்சேன். தண்ணி."