நான் காட்டிய உயரம்

காம்பியாவுக்குப் புறப்பட நான்கு நாட்கள் இருந்தபோது, என்னோடு வேலை செய்த ஒருவன் அங்கே போய் ஒரு பொய் சொல்லும்படி என்னைக் கேட்டான்.

சனி, ஞாயிறுகளில், இத்தாலியின் பலேர்மோ நகரத்துக் கடற்கரைப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் நான் நிற்பேன். கணவாய் துப்புரவாக்குவேன், மட்டியின் ஓட்டை உரசிக் கழுவுவேன். பக்கத்துத் தொட்டியில் பாத்திரம் கழுவுகிறவன் அவன். காம்பியாக்காரன், இருபத்தேழு வயது. மூன்று வருடமாக ஒருவர் முழங்கை ஒருவரில் இடிபட நிற்கிறோம். எங்களுக்குள் பேச்சு இத்தாலியனில்தான். ஆனால் அவன் என்னை ‘அன்ரி’ என்பான். அவனுடைய ஊரிலும் வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

மற்ற நாட்களில் நகரத்து நடுவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை. வீட்டுக்காரி, நான் ‘சீஞோரா’ என்று கூப்பிடுகிறவர், ஓய்வுபெற்ற மருத்துவர். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கிழமை காம்பியாவில் ஒரு கிராமத்துக்குப் போய் இலவசமாக நோயாளிகளைப் பார்ப்பார். அந்த வருடம் அவருக்கு ஆங்கிலம் பேசிக் கொடுக்க வழமையாகப் போகிறவர் வரவில்லை. நான் மன்னாரில் உயர்தரம் வரை படித்தவள், ஆங்கிலம் தெரிந்தவள் என்பது சீஞோராவுக்குத் தெரியும். ‘வருகிறாயா?’ என்று கேட்டார். இருபது வருடமாக இந்த நகரத்தில் வீடு துடைக்கிறேன். வேறொரு வேலைக்கு ஒருவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்காமல் ஓம் என்றேன்.

இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அவன் தொட்டியை மூடிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டான்.

“அன்ரி, நீங்கள் போற இடத்திலையிருந்து என்ரை அம்மான்ரை ஊர் கிட்ட. ஒரு பார்சல் தாறன், குடுக்க ஏலுமோ?”

“அதுக்கென்ன, தாரும்.”

அவன் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா தம்பியைப் பற்றிக் கேப்பா. கண்டனான் எண்டு சொல்லுங்கோ. சுகமாயிருக்கிறான் எண்டு சொன்னால் காணும்.”

அவனுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பாலைவனம் தாண்டி லிபியாவுக்கு வந்து, அங்கிருந்து படகேறியிருக்கிறான். அதே படகில் வந்து பிழைத்த ஊர்க்காரன் ஒருவன் பலேர்மோவில் இவனைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறான். படகு கவிழ்ந்தபோது தண்ணீருக்குள் பக்கத்தில்தான் இருந்தானாம். பிறகு பக்கத்தில் இல்லையாம். அது நடந்து ஒரு வருடமாகப் போகிறது. தாய்க்கு இவன் சொல்லி வைத்திருப்பது வேறு. தம்பி இத்தாலிக்கு வந்துவிட்டான், தோட்ட வேலை செய்கிறான், இருப்பதற்கான பத்திரம், அந்தப் பெர்மெஸோ, இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் போன் எடுக்க முடியவில்லை. தாய் அதை நம்பிக்கொண்டு இருக்கிறார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே முதலாளி கூப்பிட்டார். போய்விட்டேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். “உமக்கு ஏன் உந்த வேலை? சாமானைக் குடுத்திட்டு வாரும். அவையின்ரை வீட்டுக் கதைக்குள்ளை போகாதையும்.”

அப்படியே செய்வதென்றுதான் முடிவெடுத்திருந்தேன்.

அந்தக் கிராமத்து மருத்துவமனை மூன்று அறை. வாசலில் ஒரு மாமரம். விடிந்ததும் அதன் கீழே சனம் நிறைந்துவிடும். நோயாளி மண்டிங்கா மொழியில் சொல்வதை உள்ளூர்த் தாதி ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வாள். நான் அதை இத்தாலியனில் சீஞோராவுக்குச் சொல்ல வேண்டும். மறுமொழி அதே வழியால் திரும்பிப் போகும். வணக்கம் சொல்லும் முறையை முதல் நாளே தாதி பழக்கினாள். ‘வீட்டு ஆட்கள் எங்கே?’ என்று ஒருவர் கேட்டால், ‘அவர்கள் அங்கே இருக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டும். “இ பே ஜே.” யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் முதலில் அதுதான் மறுமொழி. ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லியிருப்பேன். நாக்கில் தானாக வரத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு முதியவருக்குப் பார்வை திரும்பாது என்று சீஞோரா சொன்னார். மருந்து போட்டால் சுகமாகும் என்று நான் சொல்லிவிட்டேன். முதியவர் சிரித்தார். சீஞோரா பேனையைக் கீழே வைத்தார்.

“நான் சொன்னதுக்கு ஆரும் சிரிக்கமாட்டினம். என்ன சொன்னனீ?”

சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “அந்தாள் வீட்டை போய் மருந்து போட்டுப்போட்டுக் காத்திருக்கும். திரும்பக் கூப்பிடு.”

கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னோம். முதியவர் தலையசைத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியமும் வாய்க்குள் கல் மாதிரி இருந்தது.

பார்சலை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருந்தேன். என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று யோசிக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பது எனக்கு ஒரு ஆறுதல். ஆனால் வெள்ளிக்கிழமை காலை தாதி வந்து, “உங்களைப் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். நோயாளிகள் இல்லை” என்றாள்.

மாமரத்தின் கீழே ஒரு பெண்மணி, மஞ்சள் தலைத்துணி கட்டியிருந்தார். பக்கத்தில் மகள். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல ஆங்கிலம். அண்ணன் தொலைபேசியில் சொன்னானாம், ஞாயிறு வரைக்கும் அம்மாவுக்குப் பொறுக்க முடியவில்லையாம். கழுதை வண்டியில் இரண்டு மணித்தியாலம் வந்திருக்கிறார்கள்.

தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வணக்கம் சொல்லத் தொடங்கினார். என் கணவர் எங்கே? அங்கே இருக்கிறார். என் பிள்ளைகள் எங்கே? அங்கே இருக்கிறார்கள். பிறகு, மூச்சு விடாமல் அதே இராகத்தில், “என் மகன்மார் எங்கே?” என்றார்.

“இ பே ஜே” என்றேன்.

வாய் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் கையின் பிடி இறுகியது. மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். “இரண்டு பேருமா? தம்பியையும் கண்டீர்களா?”

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வணக்கத்தில் வந்த சொல், பிழையாக வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உள்ளேயிருந்து சீஞோரா என் பெயரைக் கூப்பிட்டார். தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

பிறகு கேள்விகள். மெலிந்திருக்கிறானா? கொஞ்சம். அந்த இருமல் இன்னும் இருக்கிறதா? இல்லை. எங்கே வேலை? எனக்கு வாயில் வந்தது பகேரியா. எங்கள் ஆட்கள் ரயிலில் வேலைக்குப் போய் வரும் ஊர், அவ்வளவுதான். எலுமிச்சைத் தோட்டம் என்றும் சேர்த்துச் சொன்னேன். பேச்சை மாற்ற, அவன் தந்த பார்சலை எடுத்து வந்து கொடுத்தேன். சீஞோரா மறுபடியும் கூப்பிட்டார்.

தாய் பையிலிருந்து நீலத் துணி ஒன்றை எடுத்தார். பெருநாளுக்கு மகனுக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். சந்தையில் தையல்காரர் இருக்கிறார், நான் போவதற்குள் தந்துவிடுவார்களாம். “போகும்போது என்னுடைய காது வரைக்கும் இருந்தான். இப்போது எவ்வளவு? காட்டுங்கள்.”

அவர் எனக்கு நேரே வந்து நின்றார்.

கையை உயர்த்தினேன். என் தலைக்கு மேலே, நான்கு விரல் இருக்கும். உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்தேன். தாய் குனிந்து, துணி கட்டியிருந்த கயிற்றின் ஒரு நுனியைக் கால்விரலால் நிலத்தில் மிதித்து, மறு நுனியை என் கை வரைக்கும் இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். மகளிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். மகள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் மகள் தனியாக வந்தாள். சட்டையைக் கடதாசியில் சுற்றியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அன்ரி, பகேரியா எங்கே இருக்கிறது?”

“பலேர்மோவுக்குப் பக்கத்தில்.”

“ரயிலில்?”

“கால் மணித்தியாலம்.”

“அண்ணன் சொன்ன ஊர் வேறு. அது பலேர்மோவிலிருந்து ஒரு நாள் பயணம், அதனால்தான் தம்பியைப் பார்க்கப் போக முடியவில்லை என்றான்.”

“உங்கள் அண்ணனைக் கேளுங்கள்.”

“நான் உங்களைத்தான் கேட்கிறேன்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். வண்டியில் ஏறும்போது தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டதைக் கண்டேன்.

பலேர்மோவுக்கு வந்த முதல் சனிக்கிழமை, உணவகம் திறப்பதற்கு முன்பு அவனிடம் சட்டையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தான். உடனே மடித்து மேசையில் வைத்தான்.

“சொன்னீங்களோ?”

“சொன்னன். கண்டனான் எண்டு சொன்னன். எவ்வளவு உயரம் எண்டு கையாலை காட்டினன். என்ரை சீவியத்திலை இப்பிடி ஒரு வேலை செய்யேல்லை, தம்பி. இனி உம்மடை வாயாலை உள்ளதைச் சொல்லும். நீர் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

அவன் முகம் மாறியது. “உங்களுக்கு என்ன, நீங்கள் திரும்பி வந்திட்டியள். அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் பக்கத்திலை ஆர் நிக்கிறது? நான் போக ஏலுமோ? போனால் இஞ்சை திரும்பி வர என்னட்டைப் பத்திரம் இருக்கோ?”

தம்பிக்குப் பத்திரம் கைக்கு வரவில்லை என்று தாயிடம் சொன்னது இவனுடைய சொந்தக் கதை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவன் என்னோடு பேசவில்லை. தட்டுகளைத் தொட்டிக்குள் போடும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கிழமையும் அப்படியே போனது. நான் சொல்லுவேன் என்று மிரட்டினேனே தவிர, யாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் வேலைக்குப் போய் வந்தேன்.

உணவகம் பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவன் தொலைபேசி எடுத்தான். “அன்ரி, நான் சொல்லப் போறன். நீங்களும் வாங்கோ.”

ஸ்ஃபெர்ராகவால்லோத் துறையில், கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்கு அருகே சீமெந்துக் கட்டின் மேல் இருந்தோம். அவன் தொலைபேசியை நடுவில் வைத்து சத்தத்தைக் கூட்டினான். மண்டிங்காவில் பேசினான். வணக்கம் நீண்டது. அதற்குப் பிறகு அவன் ஒரே மூச்சில் கொஞ்சம்தான் சொன்னான். மறுபக்கத்தில் கோழி ஒன்று கத்துவது கேட்டது. அவன் “ந்நா, ந்நா” என்று தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசியில் தங்கையின் குரல் வந்தது. “அன்ரி அங்கே இருக்கிறாவா? அம்மா ஒன்று கேட்கிறார்.”

“இருக்கிறேன்.”

“நீங்கள் காட்டிய உயரம் யாருடையது என்று கேட்கிறார்.”

“யாருடையதும் இல்லை” என்றேன். “கை போன இடத்தில் வைத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.”

அவள் அதைச் சொன்னாள். தாய் மெல்லிய குரலில் இரண்டே வார்த்தை பேசினார். மன்னிப்பைப் பற்றி அதில் எதுவும் இருக்கவில்லை. “சட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்” என்றாள் மகள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போன ஒருவரிடம் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தகவல் வந்தது. வீட்டில் தொழுகை வைத்தார்களாம், ஊரே வந்ததாம். பலேர்மோவிலும் காம்பியாக்காரர் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். கணவரும் நானும் போனோம். நாங்கள் கத்தோலிக்கர், அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்வரிசையில் இருந்துவிட்டு, சாப்பாடு பரிமாற உதவி செய்தோம். கணவர் என்னிடம் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் இடைவேளை நேரத்தில் தாயோடு கதைக்கிறான். முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வருவான். இப்போது அரை மணித்தியாலம் போகிறது. முதலாளி முணுமுணுக்கிறார். நான் அவனுடைய தட்டுகளையும் சேர்த்துக் கழுவுகிறேன். தாய் என்னைப் பற்றி விசாரிப்பதில்லை. அவனும் அதை மறைக்கவில்லை, நானும் கேட்பதில்லை.

வரும் தை மாதம் சீஞோரா மறுபடியும் போகிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். நடந்தது முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓம் என்றேன்.