எந்தப் பச்சை?

ரயில்வே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்குள் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரியாது என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. வீட்டில், எடை போதவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு மாதம் முட்டை அவித்துப் போட்டாள்.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையப் பக்கம் செய்யும் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். இவன் கலர் வேலைக்கா போனான் என்று சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டு. எண்களை மனப்பாடம் செய்துகொண்டேன். ஆனாலும் தினமும் பயந்துகொண்டேதான் படியேறினேன். விஷயம் வெளியே வந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அப்பா படுத்த படுக்கையாக இருந்த வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஒருநாள் பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவர் வந்தார். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு விற்க அவருக்கு ஒரு பக்கம் வேண்டும். மேஜைமேல் ஒரு கல்யாணப் பாயை விரித்தார்.

"தம்பி, இதுல உள்ள பச்சையிலயே தலைப்பு வரணும். எந்தப் பச்சை எடுப்பா இருக்கும்னு நீங்களே கை வையுங்க. படிச்ச ஆளுல்லா."

பாயில் ஏழெட்டுக் கோடுகள். எல்லாமே எனக்குப் புளிக்கரைசல் நிறம். சென்டர் முதலாளி வேறு பின்னால் வந்து நின்றார். சிவப்பில் கை வைத்தால் முடிந்தது கதை.

"அண்ணாச்சி, உங்க பாயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்க வையுங்க."

அவர் மகிழ்ந்துபோய் ஒரு கோட்டைத் தொட்டார். நான் பச்சைக்குரிய எண்ணைப் பையப் பைய ஏற்றினேன். அவர் திரையையும் பாயையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அங்கன நிப்பாட்டுங்க" என்றார். பின்னணி நிறத்துக்கு என் சொந்த வழிதான்: எழுத்து எனக்குத் தெளிவாக வாசிக்க வரும்வரை வெளுத்துக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். "எங்க வாப்பாவுக்குக் கண்ணுல புரை. அவுகளே நீங்க செஞ்ச பக்கத்தக் கண்ணாடி போடாம வாசிச்சிட்டாக, தம்பி!"

முதலாளி என் தோளில் தட்டினார். "மத்தவனுவ பண்ணுத பக்கத்தப் பாத்தா கண்ணு கூசுது. ஒனக்குத்தாம்லே கலரு பிடிபட்டிருக்கு. இனி கலர் வேலை பூரா நீதான்."

திட்டு வாங்கிக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. சிரித்து வைத்தேன்.

"நாளைக்கு ஜவுளிக்கடையில இருந்து நாப்பது பட்டுச்சேலை படம் வருது. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் என்ன கலருன்னு நீயே பாத்து எழுதிரு. கடைக்காரரு ஊர்ல இல்ல."

"சரி சார்" என்றேன். எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், பட்டின் மினுக்கத்தில் ஒரே சேலை நூறு எண் காட்டும். அந்த நாற்பதில் எனக்கு நிச்சயமாகத் தெரியப்போவது நீலம் மட்டும்தான்.